பொம்பிளைக்கு முன்சீற்

காரின் சில்லுகளை மகளிடம் விட்டுவிட்டு, நீண்ட பொனற்றைத் தானே துடைப்பது இராஜநாயகத்தின் வழக்கம். இருவரும் சேர்ந்து கழுவிய கடைசி ஞாயிறும் அப்படித்தான். மாதா கோயில் பூசை முடிந்து வந்து, இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பகுதி வீட்டு வாசலில் நின்ற சிவப்பு மஸ்டாங்கைப் பழைய பெனியனால் ஒரே திசையில் துடைத்தார். மொனிகா குந்தியிருந்து சில்லுத் தேய்த்தாள்.

"பெற்றோல் குடிக்குது, வரியும் கூட. இந்த ஒழுங்கைக்குள்ள திருப்பவும் ஏலாது. நான் பாத்துவச்ச ஹச்பாக்கும் நல்லா இழுக்கும் அப்பா."

அவள் வாகனப் பொறியியல் படித்தவள். எடையும் வலுவும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நீ சொல்லுறது சரி பிள்ளை. ஆனா அந்தக் கட்டைப் பொனற் கார் எல்லாம் தும்முறமாதிரியெல்லோ ஸ்டார்ட் ஆகுது."

லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் முதிய இத்தாலிய அம்மா ஒருவரைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. அங்கே பஸ்ஸில்தான் போவார். "சிஞ்ஞோரா அம்மா காரைக் கண்டால் சம்பளத்தைக் குறைச்சுப்போடுவா" என்பார்.

கார் கல்யாணங்களுக்கு. பலெர்மோவில் மன்னார்ப் பெண் யாருக்குக் கல்யாணம் என்றாலும் கோயிலுக்குப் போவது அதில்தான், கூலி வாங்கமாட்டார். இரண்டே கதவு. பட்டுச்சேலையோடு பின்சீற்றுக்குள் நுழைய முடியாது. ஆகவே கல்யாணப் பொம்பிளை முன்னுக்கு, தகப்பன் பின்னுக்கு, முழங்கால் நாடியில் முட்ட. "பெத்தனீயெல்லோ மச்சான், குனிஞ்சு இரு" என்பார். நாலு கதவுக் கார் பிடிப்பவர்களும் இப்போது மகளை முன்னால்தான் ஏற்றுகிறார்கள். முறை அதுதானாம்.

அடுத்த நாள் ஹச்பாக்கைப் பார்க்கப் போனபோது அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பின்சீற்றில் ஏறிக் காலை நீட்டினார். "தேப்பன்மாருக்கு நல்ல வசதி" என்றார்.  வீடு வந்து படியேறும்போது, "ஓம், மாத்துவம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை, மஸ்டாங்கின் இரண்டாவது திறப்பை, காரை மாற்றப் பேசியிருந்த விற்பனை நிலையத்தில் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். திரும்பிவரும் வழியில், பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவருடைய சட்டையை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். பையில் திறப்பு சாவிவளையத்தோடு அப்படியே இருந்தது.

அடக்கம் முடிந்தபின் மொனிகா விசாரித்தாள். விற்பனை நிலையத்துக்கு அவர் வரவேயில்லை. அதையும் தாண்டி நடந்து, பூக்கடைக்குப் போயிருக்கிறார். அடுத்த மாதக் கல்யாணத்துக்குக் காரின் பொனற்றில் கட்டப் பூச்சரம் சொல்லியிருக்கிறார்.

"எவ்வளவு நீளமாம்?" என்று பூக்கடையில் கேட்டாள்.

பூக்கடைக்காரி வாளியைக் கீழே வைத்தாள். அவர் காட்டியதுபோலவே, தலையை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முழுதாக விரித்தாள்.