ஞாயிற்றுக்கிழமை நாடுகள்

நாங்கள் இருவரும் பம்பாயைத் தாண்டிப் போனதெல்லாம் திருநெல்வேலிக்குத்தான், அதுவும் யாராவது வீட்டுக் கல்யாணம் என்றால். என் கணவருக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருநாள் அவருடைய போனில், இத்தாலிக்காரப் பெண் ஒருத்தி பூண்டை எண்ணெயில் வதக்கி நூடுல்ஸ் மாதிரி நீளமான பாஸ்தாவைப் புரட்டுகிற வீடியோ வந்தது. வீட்டுக்கு வந்ததும் எனக்குக் காட்டினார்.

"ஏளா, இதுல என்ன இருக்கு? பூண்டு, எண்ணெய், மிளகாய் வத்தல். நம்ம வீட்ல இல்லாததா?"

"அந்தக் குச்சி இல்லயே."

மறுநாள் வேலை முடிந்து தாதர் வரை போய் வாங்கிவந்துவிட்டார். கடலை எண்ணெயில் பூண்டைச் சீவிப் போட்டு, கருகும் முன்னால் இறக்கி, பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றிப் புரட்டினோம். வழித்துச் சாப்பிட்டார். "அடுத்த வாரம் வேற நாடு" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. லெபனானுக்குக் கொண்டைக்கடலையை வேகவைத்து, வெள்ளை எள், பூண்டு, எலுமிச்சைச் சாறு சேர்த்து வெண்ணெயாக அரைக்க வேண்டும். துருக்கிக்குப் பூண்டு தட்டிப்போட்ட தயிர்மேல் அரைவேக்காட்டு முட்டை, அதன்மேல் மிளகாய்த்தூள் போட்டு உருக்கின வெண்ணெய். ஸ்பெயின்காரர்களின் உருளைக்கிழங்கு ஆம்லெட்டைத் தட்டால் மூடித் திருப்பிப் போடுவது அவர் வேலை. முதல் தடவை பாதி அடுப்பில் விழுந்தது. ஒட்டினதைச் சுரண்டித் தின்றுகொண்டே அன்று அவ்வளவு சிரித்தோம். எங்களுடையது ஒற்றை அறை. வாசனை சந்து முழுக்கப் போகும். பக்கத்து வீட்டு மேலப்பாளையத்து அக்கா கதவில் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு எந்த நாடுட்டி?" என்பாள். அவளுக்கும் ஒரு கிண்ணம் போகும்.

பிறகு அவர் குரல் கம்மியது. தோல் தூசியாக இருக்கும் என்று நினைத்தோம். தொண்டையில் கட்டி என்றார்கள். கட்டியைச் சுருக்கக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. எதையும் விழுங்க முடியாமல் போனதும் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். கஞ்சியை வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து, நான்தான் மெல்ல ஏற்றுவேன். அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. அக்கா வீட்டில் நின்றுகொண்டே நாலு வாய் போட்டுக்கொண்டு வருவேன்.

அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏன் அங்க போயி சாப்புடுத?" குரல் வெறும் காற்றாக வந்தது. "இங்கன இருந்து சாப்புடு. ஞாயித்துக்கிழமை சமையலையும் விட்டுட்ட."

"உங்களுக்கு முன்னால என்னால முடியாதுங்க."

"எனக்கு வாசனையாவது வரட்டும்ளா."

கொண்டைக்கடலையை அரைத்தேன். ஒரு வாய் வைத்ததும், "எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா? புளிப்பா? காரமா? விவரமாச் சொல்லு."

எனக்கு அப்படியெல்லாம் சொல்லத் தெரியாது. தட்டுத்தடுமாறிச் சொன்னேன். முதலில் எலுமிச்சை தெரிகிறது, பூண்டு மூக்கில் ஏறுகிறது, எள்ளின் கசப்பு கடைசியில் அடிநாக்கில் நிற்கிறது என்றேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பின் வாராவாரம் நான் தின்று சொல்ல, அவர் கேட்டார்.

ஒரு ஞாயிறு கிரேக்க நாட்டு சூப். கோழி எலும்பு வெந்த தண்ணீரில் அரிசியைக் குழைய விட்டு, முட்டையும் எலுமிச்சைச் சாறும் அடித்து ஊற்ற வேண்டும். நேரே ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். சூடான சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையில் விட்டுக் கலக்கி, அப்புறம்தான் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். திரியாமல் வந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அவர் தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார். விழுங்காமல், நாக்கில் வைத்துத் துப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு ஸ்பூன் கொடுத்தேன். வெகுநேரம் வைத்திருந்து பக்கத்திலிருந்த கோப்பையில் துப்பினார்.

"உப்பு கச்சிதமா இருக்கு. புளிப்பும் தூக்கலா இருக்கு."

நான் ஒரு வாய் எடுத்தேன். சூப்பில் உப்பே இல்லை. முட்டையைக் கவனித்ததில் உப்புப் போட மறந்திருந்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, சரிதான?"

"ஆமா. கச்சிதமா இருக்கு."

எழுந்துபோய் உப்பு எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். கிண்ணம் காலியாகும்வரை அப்படியே குடித்தேன். கரண்ட் அவர் நாக்கை எப்போது எடுத்துக்கொண்டதோ தெரியவில்லை. வாசனையாவது வந்துகொண்டிருந்ததா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

மழைக்காலம் பிறக்கும் முன்னால், ஒரு மத்தியானம், என் கை அவர் நெஞ்சின்மேல் இருக்கும்போதே போய்விட்டார்.

ஊரிலிருந்து வந்தவர்கள் காரியம் முடிந்து போனார்கள். ஆடி கழிந்து ஒரு சனிக்கிழமை, ஏதோ நினைப்பில் மெக்சிகோக்காரர்கள் மாதிரி செய்யலாம் என்று ராஜ்மாவை ஊறப் போட்டேன். மறுநாள் பார்த்தால் பாத்திரம் நிறைய உப்பிக் கிடந்தது. வெங்காயம், தக்காளி, சீரகம் வதக்கி, வெந்ததைச் சேர்த்து மசித்து, சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்ட வேண்டும். எத்தனை சப்பாத்தி என்று தெரியாமல் மாவில் கையை வைத்தபடி நின்றேன். போனில் தேடினேன். இரண்டு பேருக்கு, நான்கு பேருக்கு என்றுதான் எல்லோரும் அளவு சொல்கிறார்கள்.

அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று போனால் வீடு பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்குச் சுனாபட்டி போயிருக்கிறாள் என்றார்கள். ஒரு சப்பாத்தி சுருட்டிச் சாப்பிட்டேன். இரண்டாவது இறங்கவில்லை. மிச்சத்தை மூடி வைத்தேன். திங்கட்கிழமை காலை திறந்தபோது புளித்து நுரை கட்டியிருந்தது. கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.