ஒரு சாண் மண்

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காதால் தேடும் தொழிலில், கருவியை நம்பாதவர்களைச் சமாளித்துவிடலாம். முழுக்க நம்புகிறவர்களிடம்தான் படாத பாடு. பழுதான ரேடியோப் பெட்டியோடும் கடிகாரத்தோடும் மல்லுக்கு நிற்கிற மெக்கானிக்குகளான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏலம்

உலக யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்களைச் சென்னையில் ஏலம் விட்டார்கள். கண்ணிவெடி தேடும் கருவி ஒன்றைப் பார்த்தேன். நீளமான கம்பின் நுனியில் வட்டத் தட்டு, தோளில் மாட்ட ஒரு பெட்டி, காதுக்கு ஹெட்போன். விற்கிறவர் தட்டுக்கு ஒரு சாண் மேலே ஒரு ரூபாய் நாணயத்தை ஆட்டினார். காதில் அலறியது. மண்ணில் புதைத்துக் காட்டுங்கள் என்றேன். அவர் குனிந்து சிமெண்ட் தரையைப் பார்த்தார்.

"காத்துல கத்துறது மண்ணுல கத்தாதா? வாங்கறியா, நகர்றியா?"

செம்மண்

வாங்கிவிட்டேன். கனகம்மாசத்திரத்தில் ஒருவர் தோப்பில் பழைய குழாயைத் தேடக் கூப்பிட்டார். தட்டைத் தரையருகே கொண்டுபோனதும் இடம் விடாமல் அலறியது. அந்தச் செம்மண்ணிலேயே இரும்பு கலந்திருக்கிறது. தோப்புக்காரர் புதையல் என்று கும்பிடவே ஆரம்பித்துவிட்டார். குமிழைத் திருப்பி மண்ணின் சத்தத்தை அடக்கினேன். பிறகு அவருடைய சாவிக்கொத்தை நாலு விரல் ஆழத்தில் புதைத்து ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். ஈ பறக்கிற அளவுக்குத்தான் கேட்டது.

"மண்ண வாய மூடுன்னா, சாவியும் சேர்ந்து மூடிக்குதே!"

கையெழுத்து

மணவூர்ப் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லை. அறுவடையன்று நிலக்காரரின் மனைவி கூலிப் பெண்களோடு உட்கார்ந்து காய் பறித்தார். எழுந்தபோது கையில் ஒரு தங்க வளையல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எஸ்தர். பழி அவள்மேல் விழுந்தது. அதற்குள் கொல்லையை உழுதும் விட்டார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள்; அங்கும் அதே செம்மண், குமிழால் அதன் சத்தத்தை அடக்கிவிட்டு நாள் முழுக்க நடந்தேன். கருவி வாய் திறக்கவில்லை. நிலக்காரர் மிச்சமிருந்த வளையலைத் தட்டுக்கு ஒரு சாண் மேலே பிடித்தார். வீறிட்டது.

"கலப்பை ஒரு சாணுக்கு மேல எறங்காது. வளையல் கொல்லையில இருந்தா கத்தியிருக்கணும். மண்ணுல இல்லன்னு எழுதிக் குடுங்க சார், போலீஸ்ல குடுக்கணும்."

காகிதமும் பேனாவும் தயாராக இருந்தன. நான் கையெழுத்துப் போட்டால் எஸ்தர் சாயங்காலம் லாக்கப்பில் இருப்பாள். பேனாவை மூடி அவர் பையிலேயே செருகினேன். மரியாதை அதோடு போயிற்று.

"மெஷினே சொல்லுது, எழுதறதுக்கு உனக்கு என்னய்யா நோவு?"

ஜோடி

இருக்கிற வளையலை இந்தக் கொல்லையில் ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். "இதுவும் போயிடப் போவுதுங்க" என்று மனைவி பதறினார். நிலக்காரர் சிரித்துக்கொண்டே தானே தோண்டி, வளையலை வைத்து, மண் தள்ளி மிதித்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

தட்டைக் கொண்டுபோனேன். சத்தமில்லை. ஹெட்போனை அவரிடமே கொடுத்தேன். தட்டை முன்னும் பின்னும் ஓட்டினார். கழற்றி உதறி மறுபடி மாட்டினார். அவர் மனைவி இடம் மறந்துவிடக் கூடாதென்று அந்த மண்மேலேயே உட்கார்ந்துகொண்டார். வரப்பில் நின்றிருந்த எஸ்தர் இறங்கி வந்து, நிலக்காரர் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள்.

"நல்லா பாத்துக்கோ நைனா. மெஷினு மண்ணுல இல்லன்னு சொல்லுது. இதையும் நான்தான் எடுத்துகினு போயிட்டனா?"

காகிதம் போலீஸுக்குப் போகவில்லை, தொலைந்த வளையலை நானும் கண்டுபிடிக்கவில்லை, என்றாலும் இத்தனை வருஷத்தில் கருவி ஊமையாக நின்றதற்காக நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தது அந்த ஒரு நாள்தான்.