அத்தை இடுப்பில் இருந்த பூட்டு

மற்றப் பெண்கள் இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொள்வார்கள். என் அத்தை பூட்டைச் செருகிக்கொள்வாள். கல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் அவளும் அத்திம்பேரும் நடத்திய சின்ன டிபன் கடையின் பின்கதவுப் பூட்டு அது. காலையில் கழற்றினால், கடைசி ஆள் சாப்பிட்டுப் போன பிறகுதான் கதவுக்குத் திரும்பும். காரணம் அத்திம்பேர். விளக்கேற்றும் நேரத்தில் பின்கதவு திறந்திருந்தால் லட்சுமி அந்த வழியாகப் போய்விடுவாள் என்று பூட்டத் துடிப்பார். தோசைக்கல்லோ தெருவாசலை ஒட்டி இருந்தது. அங்கே தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியே போவார்கள் என்பது அத்தையின் கேள்வி. லைசென்ஸில் முப்பது பேர் என்றால் அடுத்த ஆள் நடைபாதையில் நிற்க வேண்டியதுதான். தெருவின் துர்கா பூஜை கிளப் செக்ரட்டரியையே அப்படி நிறுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அசைந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், துர்கா பூஜையின் சப்தமி மாலை. கடை நிரம்பியிருந்தது. கல்லூரித் தோழிகளோடு நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசல் அடுப்பின் காஸ் குழாய் பற்றிக்கொண்டது. அத்தை எங்களையெல்லாம் பின்பக்கம் விரட்டினாள். கதவில் ஒரு புதுப் பூட்டு தொங்கியது. அவளுக்குத் தெரியாமல் அத்திம்பேர் வாங்கி வைத்திருந்து, விளக்கேற்றிய கையோடு போட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் திறந்துவிடலாம் என்ற நினைப்பு. சாவியோடு அவர் தீக்கு அந்தப் பக்கம், கல்லாவில். இன்றைக்கு நினைத்தாலும் அவர்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தை அம்மிக்குழவியைத் தூக்கி நாதாங்கியை அடித்துப் பெயர்த்தாள். இருமிக்கொண்டே எல்லோரும் சந்துக்கு வந்து விழுந்தோம். கைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி ஒரு வங்காளிப் பெண் எனக்கு முன்னால் ஓடினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அத்தோடு விட்டார்களா? விசாரிக்க வந்த நம்மவர்கள், பின்கதவை உடைத்ததில் லட்சுமி போய்விட்டாள் என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அத்தை அவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, போனா. கைக்குழந்தையைத் தூக்கிண்டு, புடவையில ஒரு பொறி படாம போனா. அதுக்குத்தானே கதவு வெச்சிருக்கு."

சுவருக்கு வெள்ளையடித்துக் கடையை மறுபடி திறந்தபோது, பழைய பூட்டு அத்தையின் இடுப்புக்குத் திரும்பியது.

சமீபத்தில் நியூ டவுனில் ஆபீஸ் நண்பர்களோடு ஒரு ரெஸ்டாரண்டுக்குப் போனேன். மாடியில் சின்ன ஹால், நெருக்கியடித்து மேஜைகள். அவசர வழி என்று பச்சை விளக்கு எரிந்த கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். திறந்து வைத்தால் சிலர் பில் கொடுக்காமல் நழுவிவிடுகிறார்கள் என்றார் மேனேஜர். நான் உட்காரவில்லை. நண்பர்கள் நெளிந்தார்கள், ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். நெளியட்டும் என்று நடுவழியிலேயே நின்றேன். கடைசியில் மேனேஜர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சங்கிலியைக் கழற்றினார். நாங்கள் சாப்பிட உட்கார்ந்ததும் திரும்பப் போட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியாதா? கையை நீட்டிப் பூட்டை வாங்கிக்கொண்டேன். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் வரை அது என் மடியில் இருந்தது.