எல்மிஸ்டனுக்குக் கோபுரம், எங்களுக்குத் தகரம்

ஒரு கட்டடத்தின் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். இந்த வாரம் முழுக்க அதுதான் வேலை. இதை எழுதும்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

விஷயம் இதுதான். மஸ்கெலியாப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் ஒரு சின்ன அந்தோனியார் கோயில் உண்டு. பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் ஃபாதரின் பிரசங்கம் யாருக்கும் கேட்காது — சில ஞாயிறுகளில் அது வசதிதான். இப்போது அதைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் கல்லும் சிமெந்துமாகப் பெரிதாகக் கட்டப்போகிறார்கள். முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் அறிவித்தார். இந்தக் கோயிலின் பழைய படம் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், புதுக் கோயிலில் மாட்டலாம் என்றார்.

பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா அண்ணி, என் அண்ணன் மனைவி, சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"நீதான் பேப்பர்ல எழுதுறியே, எங்கயாச்சும் தேடிப் பாரேன். உங்க அண்ணன் கூரை மேல நின்ன மாதிரி ஒண்ணு இருந்தா..."

அண்ணன் மரியதாஸ் எங்களை விட்டுப் போய்ச் சில வருடங்களாகின்றன. முன்பு ஒரு புயலில் கோயில் கூரை பறந்துபோனபோது, நாலு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மேலே ஏறிப் புதுத் தகரம் அடித்தது அவர்தான். அண்ணிக்கும் அவருக்கும் கல்யாணம் பேசியிருந்த நேரம் அது. இந்த மனுஷன் விழுந்து தொலைக்கக் கூடாதே என்று அண்ணி கீழே நின்று அந்தோனியாரை வேண்டிக்கொண்டாராம். அந்தக் காட்சி இன்னும் அவர் கண்ணில் இருக்கிறது. படத்தில்? எங்கேயும் இல்லை.

கல்யாணப் படமாவது கோயில் வாசலில் எடுத்தார்களா? அதுவும் இல்லை. ஹட்டனில் ஸ்டூடியோவுக்குப் போய், திரைச்சீலையில் வரைந்த மலைக்கு முன்னால் நின்று எடுத்தார்கள். நாலு பக்கமும் மலை இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு, துணி மலைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள் இரண்டு பேரும்.

லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு ஞானஸ்நானப் படம் கிடைத்தது. படம் முழுக்கக் குழந்தை, ஓரத்தில் பாதி ஜன்னல். அந்தப் பாதி ஜன்னல்தான் எங்கள் கோயிலின் மொத்தப் புகைப்பட வரலாறு.

சரி என்று, நான் இப்போது குடியிருக்கும் ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினேன். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் எல்மிஸ்டன். எந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரையோ தன் சொந்த ஊர்ப் பெயரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் ஆட்கள் அதை எலுமிச்சந்தோட்டம் ஆக்கிவிட்டார்கள் — மருந்துக்கு ஒரு எலுமிச்சை மரம் கிடையாது.

எல்மிஸ்டன் சர்ச் என்று அடித்தேன். கொட்டியது பாருங்கள், படம் படமாக!

எங்களுடையது இல்லை. இங்கிலாந்தில் இருக்கிற அசல் எல்மிஸ்டன். அந்த மாவட்டத்துத் தேவாலயங்கள், குட்டிக் குட்டிக் கோயில்கள் எல்லாவற்றின் பழைய படங்களையும் ஒரு இணையப் பக்கத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பனியில் எல்மிஸ்டன். வெயிலில் எல்மிஸ்டன். கேமரா வருவதற்கு முன்னால் பென்சிலால் வரைந்த எல்மிஸ்டன். நமக்கு ஒரு ஜன்னல் முழுசாக இல்லை, அவர்களுக்குக் கதவுத் தாழ்ப்பாளுக்குத் தனியாக ஒரு போட்டோ!

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். அடுத்த படத்தில்தான் காதில் புகை வந்தது. கோபுரத்துக் கூரையைப் பழுதுபார்த்த ஆட்கள், தலையில் தொப்பியோடும் கையில் சுத்தியலோடும் மேலேயே வரிசையாக நிற்கிறார்கள். கீழே ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறது. தச்சர் இன்னார், அவர் மகன் இன்னார்... என் அண்ணனும் சுத்தியலோடுதானே நின்றார்? அந்தப் படத்தை அண்ணியிடம் காட்டவே எனக்கு மனம் வரவில்லை.

பொறாமை வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மறுநாளே தோட்டத்துக்குப் போய்த் தகரக் கோயிலைப் போனில் எடுத்தேன். கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். அந்த இங்கிலாந்துப் பக்கத்திலேயே போட்டேன். தலைப்பு: எல்மிஸ்டன் சர்ச். பொய்யா என்ன? எங்கள் பெயரும் அதுதானே!

அங்கே ஒரே குழப்பம். இது ஊரில் எந்த மூலையில் இருந்தது என்று ஒருவர் கேட்டார். உலக யுத்த காலத்தில் அவசரத்துக்குக் கட்டியதாக இருக்கும் என்று இன்னொருவர் விளக்கம் எழுதினார். பிறகு ஒரு அம்மா வந்தார். கோபுரத்துக்கு எதிர் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவராம், இப்படி ஒன்றைக் கண்டதே இல்லையாம். இதற்கு மேல் தாங்காது என்று உண்மையைச் சொன்னேன். இலங்கை, மலையகம், தேயிலைத் தோட்டம், துரை வைத்த பெயர்... எல்லாம்.

கோபப்படுவார் என்று பார்த்தால், அவர் வேறு கதை சொன்னார். அவர்களுடைய கோயிலைப் பூட்டி ரொம்பக் காலமாகிவிட்டதாம். வருவதற்கு ஆளில்லை. யாரோ வாங்கி வீடாக்கப் போகிறார்களாம். உங்கள் கோயிலுக்கும் ஆட்கள் வருவதில்லையா, அதனால்தான் கழற்றுகிறீர்களா என்று கேட்டார்.

என்ன பதில் போடுவது என்று அண்ணியைக் கேட்டேன்.

"பாதிப் பேரு வெளிய மழையில நின்னுதான் பூசை பாக்குறோம், எடம் பத்தல. அதான் கழட்டுறோம்னு எழுது," என்றார்.

எழுதினேன். என் பொறாமை அத்தோடு தீர்ந்தது என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. ஆளில்லாத கோயிலுக்கு அத்தனை படம், ஆள் கொள்ளாத கோயிலுக்குப் பழைய படம் ஒன்றுமில்லையே என்று இன்னும் கொஞ்சம் எரிந்தது.

நேற்று ஞாயிறு, தகரக் கூரைக்குக் கீழே கடைசிப் பூசை. முடிந்ததும் எல்லாரும் கோயிலுக்கு முன்னால் நில்லுங்கள், ஒரு படம் எடுக்கிறேன் என்றேன். நின்றார்கள். கைக்குழந்தைக்காரர்கள் நின்றார்கள். மேல் லயத்து மாரியம்மன் கோயில் கமிட்டியும் இறங்கி வந்து நின்றது. அத்தனை பேரையும் அடக்க நான் பின்னால் போய்ப் போய்த் தேயிலைச் செடிக்குள்ளேயே போய்விட்டேன். எடுத்துப் பார்த்தால்... கோயிலைக் காணோம். சுவர் இல்லை, வாசல் இல்லை, பாதி ஜன்னல்கூட இல்லை. எல்லாவற்றையும் ஆட்கள் மறைத்துவிட்டார்கள். தலைகளுக்கு மேலே கூரையும் சிலுவையும் மட்டும்தான் தெரிந்தன.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணி போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கூரை நல்லா தெரியுதுல்ல? அது அவரு அடிச்ச தகரம். எனக்கு இது போதும்."

நான் முதலில் எடுத்த வெறும் கோயில் படம் இருக்க, இந்தப் படத்தைத்தான் புதுக் கோயிலில் மாட்டப்போகிறார்கள். இங்கிலாந்துப் பக்கத்திலும் போட்டேன், அவர்கள் பாணியிலேயே கீழே எழுதி: எல்மிஸ்டன். கூரை அடித்தவர் மரியதாஸ்.

எதிர் வீட்டு அம்மாவின் பதில் உடனே வந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்க்க அவருக்குப் பொறாமையாக இருக்கிறதாம்.

கோபுரத்தை அனுப்பிவையுங்கள், கூட்டத்தில் பாதியைத் தருகிறேன் என்று எழுதிவிட்டேன்!