தணல் வைத்த தகர மூடி

என் குசினி மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தகர மூடி இருக்கிறது. நடுவே தணல் தின்ற கறுப்பு வட்டம். பழசென்று மருமகள் இரண்டு தரம் எறியப் பார்த்தாள், நான் விடவில்லை. அதைக் கையில் எடுத்தால் போதும், பன்னீர் மணம் எங்கிருந்தோ வந்துவிடும்.

அறுபதுகளின் தொடக்கம். கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து ஒரு வருடம். வயிற்றில் ஏழு மாதம். நோனா என்று எல்லாரும் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாவைத் தவிர எனக்கு அங்கே ஒருவருமில்லை. அவர் மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் பரம்பரை; கணவர் அரிசி ஆலையில் இயந்திரம் திருத்துபவர். கிறிஸ்து பிறந்த நத்தார் நெருங்கினால் முட்டை, ரவை, முந்திரிப் பருப்பு, பன்னீர் எல்லாம் சேர்த்து அடித்து, சட்டியை இந்தத் தகர மூடியால் மூடி, மேலும் கீழும் தணல் போட்டு நோனா கேக் சுடுவார். அடிக்கும்போது எனக்குப் புரியாத பழைய போர்த்துக்கேய மொழியில் பாடுவார். முட்டை மணத்துக்கு மூக்கைப் பொத்த வேண்டிய சைவக்காரி நான், வேலியோடு நின்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பேன். வெயிலும் புகையும் பாட்டும் ஒன்றாகிவிடும்.

அந்த வருடம் அவர்கள் ஒஸ்ரேலியா போக எழுதிப் போட்டார்கள். அங்கே வெள்ளையரை மட்டும் சேர்த்த காலம்; ஐரோப்பிய வம்சமென்று காட்ட வேண்டுமாம். பூட்டன் காலத்துக் கடதாசிகளைக் கறையான் தின்றிருந்தது. நோனா கலங்கவில்லை. "கடதாசி போனால் என்ன பிள்ளை? இதில ஒரு துண்டை வாயில வைக்கட்டும். நாங்கள் ஆரெண்டு தெரியும்" என்று ஒரு முழுக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு கணவரோடு கொழும்பிலிருந்த ஒஸ்ரேலிய அலுவலகத்துக்கு ரயிலேறினார். நான் பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். அவர்கள் போகக்கூடாதென்று தேங்காய் நேர்ந்தேன். வெட்கம்தான், ஆனால் நேர்ந்தேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். "கேக்கை நல்லாச் சாப்பிட்டவை. பிறகு இவற்ர முகத்தைப் பார்த்தவை. கறுப்பெண்டு மறுத்திட்டினம்" என்றார் நோனா. அவர் கணவர் கிணற்றடியில் நின்று வெகுநேரம் கைகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நேர்த்திக்கடனைச் செலுத்தாமல் இருக்க எனக்குப் பயம். மறுநாள் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். நெற்றித் திருநீற்றைப் பார்த்த நோனா கேட்டார்: "எங்களுக்காகவோ நேர்ந்தனீ?"

"ஓம்."

"சாமி குடுக்காட்டியும் நேர்த்தியை முடிச்சிருக்கிறாய், பிள்ளை" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர்கள் போகவேண்டுமென்றே நான் நேர்ந்தேனென்று கடைசிவரை அவர் நம்பியிருந்தார். கண் மங்கிப் பாட்டும் நின்ற காலத்தில் இந்த மூடியை என்னிடம் தந்தார்.

அன்று வயிற்றில் இருந்த மகள் இப்போது மெல்பேர்னில் இருக்கிறாள். போன வருடம் பார்க்கப் போயிருந்தேன். விமான நிலையத்தில் என் கறுத்த முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினார்கள்.

நத்தார் வந்தால் இந்த மூடியில் தணல் போட்டு, நோனா செய்த மாதிரியே சுட்டு அவளுக்கு அனுப்புகிறேன். நான் இதுவரை ஒரு துண்டும் தின்றதில்லை. அம்மா சைவம், அதனால்தான் என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.