வெறும் மாத்திரை

மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் தாதியாக இருந்தபோது, மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்த அம்மா வந்தார். கொழுந்து பறிப்பவர். மெலிந்த உடம்பு, கறையேறிய விரல்கள். எதைக் கேட்டாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பதில் சொல்வார்.

மாதக்கணக்கில் வயிற்றுவலி. வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இரைப்பையில் அபூர்வமான ஒரு புற்றுநோய் என்று தெரிந்தது. கிருமியால் வருவது, கிருமியை அழித்தால் பெரும்பாலும் நோயும் வற்றிவிடும் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இரண்டு வாரத்துக்கு மாத்திரைகள் கொடுத்தோம்.

“கேன்சருக்கு வெறும் மாத்திரையாங்க மிஸ்ஸி? கைவிட்டுட்டீங்கன்னா நேராவே சொல்லிருங்க.”

“கைவிடலம்மா. இதுதான் மருந்து. ஒரு வேளைகூட விடாம போடுங்க.”

தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சில மாதங்கள் கழித்துச் செய்த பரிசோதனையில் நோயின் சுவடே இல்லை. டாக்டர் சிரித்தபடி சொன்னதை நானும் சிரித்தபடி சொன்னேன். அழுவார், கும்பிடுவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார்.

“சாகத்தானே போறோம்னு பசுவ தங்கச்சிக்குக் குடுத்துட்டேங்க. காதுத் தோட்டக் கழட்டி மருமகளுக்குப் போட்டுவிட்டேன். இப்ப எப்படிங்க திருப்பிக் கேக்குறது?”

என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். சந்தோஷம் என்கிறார் என்றேன்.

பிறகு எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது. பசுவை அவர் திருப்பிக் கேட்டாரா என்று தெரியாது. கேட்டிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.