அடுப்பு குணசீலத்தில், சிலிண்டர் டோல்கேட்டில்

எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்காரரைப் போல அவ்வளவு மரியாதையாக வீட்டைக் காலி பண்ணச் சொல்ல இனி ஒருவர் பிறந்து வரவேண்டும். சித்திரை வீதியில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தோம். ஒரு நாள் காலை, ஈரம் காயாத திருமண்ணோடு மாடியேறி வந்தார். கையில் ஒரு தொன்னை அக்காரவடிசில், கோயில் பிரசாதம். நானும் என் கணவரும் அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை ரிடையர் ஆயிட்டார். மெட்ராஸ்ல இருக்கப் பிடிக்கலை, பெருமாளைச் சேவிச்சுண்டு இங்கேயே இருக்கணும்ங்கறார். ஆனா ஒண்ணு, ஆடி மாசத்துல ஒரு குடும்பத்தைக் கிளப்பின பாவம் எனக்கு வேண்டாம்."

நாங்கள் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினோம்.

"அதனால ஆனிக்குள்ளேயே கிளம்பிடுங்கோ" என்றார்.

முதலில் ஸ்ரீரங்கத்திலேயே வேறு வீடு தேடினோம். வெளிநாட்டிலும் சென்னையிலும் சம்பாதித்து முடித்தவர்களுக்கெல்லாம் கடைசிக் காலத்தில் கோபுரம் தெரிகிற ஜன்னல் வேண்டியிருக்கிறது. பெருமாள் படுத்தது படுத்தபடிதான் இருக்கிறார். வாடகைதான் எழுந்து நின்று ராஜகோபுரத்தோடு போட்டி போடுகிறது. வாடகையைத் தாங்கினாலும் கேள்விகளைத் தாங்க முடியவில்லை. ஒரு வீட்டில் அசைவம் உண்டா என்று கேட்டார்கள். "வீட்ல சமைக்கிறதில்லீங்க" என்றார் என் கணவர். அது உண்மைதான். எங்களுடைய ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு, டோல்கேட்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் கொதிக்கும். "அப்போ வெளியில சாப்பிடுவேளோ?" என்று அந்த அம்மாள் அடுத்த கேள்வியைப் போட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

எனக்கு முசிறியில் பள்ளிக்கூடம், கணக்கு டீச்சர். அவருக்குத் திருச்சி கன்டோன்மென்டில் ஆபீஸ். நான் விடிந்ததும் விடியாததுமாக ஷேர் ஆட்டோவில் நம்பர் ஒன் டோல்கேட் போய், அங்கே முசிறி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு, காவிரிக் கரையோரமாகப் பாதி வழி நின்றபடி போகவேண்டும். சாயங்காலம் அதே பாடு. வீடு வந்து சேரும்போது யாரைப் பார்த்தாலும் ஒரு அறை விடலாம் போலிருக்கும். முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அவர்தான்.

எப்படியும் வீடு மாறவேண்டும் என்று ஆனபின் நான் கறாராகச் சொல்லிவிட்டேன். வீடு, திருச்சிக்கும் முசிறிக்கும் நடுவில் இருக்கவேண்டும். ஆடிக்குள் அப்படி ஒன்று அமையாவிட்டால், முசிறியில் மற்ற டீச்சர்களோடு ரூம் எடுத்துத் தங்கிவிடுவேன். சனி ஞாயிறு மட்டும் வருவேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் சொல்லியிருக்க வேண்டாமே என்று பட்டது. கல்யாணமான முதல் ஆடிக்கு, ஊர் வழக்கப்படி என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மறந்து வைத்த குடையை எடுத்துப் போகிறேன் என்று மூன்றாம் நாளே திரும்பி வந்து நின்ற மனுஷர் அவர். மழையே கிடையாது, அது வேறு விஷயம். இப்போது மகளும் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். வீட்டில் மிச்சம் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே வீட்டில் சண்டை போட்டு, ஒரே வீட்டில் தூங்கவேண்டும். அதற்குத்தான் இவ்வளவு அலைச்சலும்.

நடு என்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது. எது நடு என்பதில்தான் தகராறு. நான் கிலோமீட்டரைப் பாதியாக வகுத்து குணசீலத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். அவரோ பாலத்து டிராபிக், பஸ் கூட்டம், தன் முதுகுவலி எல்லாவற்றையும் சேர்த்து வகுத்து, நடுவை டோல்கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அது அவருடைய அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவாக இருந்தது தற்செயலாம்.

தரகர் ஒருவர் கிடைத்தார். எந்த வீட்டைக் காட்டினாலும் "மெயின் ரோட்லேருந்து நடக்கிற தூரம்தாங்க" என்பார். நடக்கிற தூரம்தான். இந்தப் பக்கத்தில் சமயபுரத்துக்கும் பழனிக்குமே நடக்கிற ஆட்கள் உண்டு. அவர்களை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். "சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு இருபதே நிமிஷம்" என்பார். எந்த வண்டியில் என்று கேட்டால், "ரோடு ஃப்ரீயா இருந்தா, மேடம்" என்பார். ஒரு வீட்டில் பாத்ரூமுக்குக் கதவு இல்லை. குடிவருகிறவர்கள் அவரவர் வசதிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று அதையும் ஒரு சலுகையாகவே சொன்னார்.

கடைசியில் நானே ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன். குணசீலத்துக்குக் கொஞ்சம் முன்னால், வாழைத்தோப்பு ஓரம். வாடகை குறைவு, தண்ணீர் தேன் மாதிரி. ஒரே ஒரு நிபந்தனைதான். "பின்கட்டு ரூமை மட்டும் நாங்க வெச்சுக்குவோம், டீச்சர். வாழைத்தார் பழுக்க வைக்க" என்றார் வீட்டுக்கார அம்மா. வீடு முழுக்கப் பஞ்சாமிர்த வாசனை. எனக்குப் பிடித்துவிட்டது. கணவரிடம் சொன்னால் முதுகுவலியை எடுத்து முன்னால் போடுவார் என்பதால், காரியத்தை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆனால் ஆனி முடிவதற்குள் நல்ல நேரம் பார்த்துப் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டால், குடிவந்ததாகக் கணக்கு. சாமான் ஆடியில் மெதுவாக வரலாம். அதனால் ஆனியின் கடைசி முகூர்த்தத்தன்று திருச்சியைச் சுற்றிக் காலியாகக் கிடக்கிற வீடெல்லாம் பால் வாசனை அடிக்கும். முதல் நாள் சாயங்காலம் நான் ஒரு பாக்கெட் பால் கூடுதலாக வாங்கி, ஃபிரிட்ஜில் கீரைக்கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைக்கப் போனேன். அங்கே ஏற்கனவே ஒரு பாக்கெட் ஒளிந்துகொண்டிருந்தது. என்னுடையதைத் தயிருக்குப் பின்னால் ஒளித்தேன். மறுநாள் காலை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். அவர் தனக்கு ஆபீஸில் ஆடிட் என்றார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதை இரண்டு பேருமே பேச்சில் எடுக்கவில்லை.

குணசீலத்தில் வீட்டுக்கார அம்மா தன்னுடைய ஒற்றை அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார். பாலை ஊற்றிப் பற்றவைத்தேன். பால் பொங்கி வழியவேண்டும், அதுதான் விசேஷமே. நான் இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு நாள்கூடப் பாலைப் பொங்கவிட்டவள் இல்லை. பால் விளிம்புக்கு வந்ததும் கை தன்பாட்டுக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் பாலைப் பார்த்தேன். "பரவால்லீங்க, காய்ஞ்சுதுல்ல" என்று அவரே சமாளித்தார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால், என் கணவர் நெற்றியில் புதுக் குங்குமத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். என் நெற்றியிலும் அதே.

"உனக்கு ஒரு சந்தோஷமான சமாசாரம் வெச்சிருக்கேன்" என்றார்.

"எனக்கும் ஒண்ணு இருக்கு. நீங்க முதல்ல சொல்லுங்க."

சொன்னார். டோல்கேட்டில் அக்கா பார்த்துக் கொடுத்த வீடு. அக்காவே வந்து பால் காய்ச்சியிருக்கிறார். நான் என்னுடையதைச் சொன்னேன். பிறகு ஆரம்பித்தோம். பெண்டாட்டி இல்லாமல் காய்ச்சின பால் செல்லாது என்றேன். பொங்காத பால் மட்டும் செல்லுமா என்றார். பால் பொங்கவில்லை என்பதை அவரிடம் சொன்னது நான்தான். அந்த நாக்கை என்ன செய்வது?

ஒரு வீட்டை விட்டுவிடலாம் என்று இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் போன் செய்து பார்த்தோம். இரண்டு பேரும் பேசி வைத்ததுபோல ஒரே பதிலைச் சொன்னார்கள். "பால் காய்ச்சிட்டு ஆள் வரலைன்னா வீட்டுக்கு ஆகாதுங்க. ஆவணியில வேணும்னா காலி பண்ணிக்குங்க. ஆடி முழுக்க விளக்கு எரியணும்."

அந்த நேரத்தில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கலாம். இரண்டு பேருக்கும் வீம்பு. குட்டியானை லோடு வண்டி ஒன்று பிடித்தோம். ஒரு நடை டோல்கேட்டுக்கு, ஒரு நடை குணசீலத்துக்கு. "கேஸ் கனெக்‌ஷன் என் பேர்ல இருக்கு" என்று அவர் சிலிண்டரை ஏற்றிக்கொண்டார். "அடுப்பு எங்க அம்மா வீட்டுச் சீர்" என்று நான் அடுப்பைத் தூக்கிக்கொண்டேன். குக்கர் என்னோடு வந்தது. அதன் வெயிட் எப்படியோ அவரோடு போய்விட்டது. ஊரில் புதுசாகக் கல்யாணமானவர்களைத்தான் ஆடிக்குப் பிரித்து வைப்பார்கள். காலேஜில் படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு நாங்கள் எங்களையே பிரித்து வைத்துக்கொண்டோம்.

மகள் போன் செய்தாள். முழுக் கதையையும் கேட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அது சரிம்மா, லீவுக்கு நான் எந்த வீட்டுக்கு வரணும்?" என்றாள். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், ஆடி சௌகரியமாகத்தான் இருந்தது. காலையில் ஆற அமரக் கிளம்பினேன். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினேன். கால் வலி போயே போய்விட்டது. எலெக்ட்ரிக் குக்கரில் சாதம், வீட்டுக்கார அம்மா கொடுக்கிற குழம்பு, கேட்காமலே வாழைப்பழம். அவரும் ஸ்கூட்டரில் சட்டென்று ஆபீஸ் போய்விடுகிறார். மூன்று வேளையும் அக்கா சாப்பாடு. தினமும் சாயங்காலம் போனில் பேசினோம். "சாப்டியா?" "சாப்டேன். விளக்கு ஏத்தினீங்களா?" "ஏத்தினேன்." அதற்குமேல் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. பஸ்ஸில் நின்று வந்த நாட்களில் அவரோடு எவ்வளவு சண்டை போட்டேன்! இப்போது கோபமே வரவில்லை. கோபப்பட ஆளும் இல்லை. இப்படியே பழகிவிடுமோ என்று ஒரு நாள் விளக்கு ஏற்றும்போது தோன்றியது. அன்று பயந்துபோனேன்.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஆடியிலேயே அந்த ஒரு நாளுக்கு மட்டும் எந்தத் தோஷமும் கிடையாது, எதையும் தொடங்கலாம். அன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் நாத்தனார் கலந்த சாதத்தோடு காத்திருப்பார், நாங்கள் இரண்டு பேரும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வோம் என்று ஏற்பாடு. நான் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டார். "டீச்சர், உங்க வீட்டுக்கார் மாதிரி ஒருத்தர் வர்றாருங்க. குட்டியானையில."

ஓடிப்போய்ப் பார்த்தேன். டிரைவர் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பின்னால் அவ்வளவு பெரிய வண்டியில் ஒரே ஒரு சிலிண்டர், கயிறு போட்டுக் கட்டி. பக்கத்தில் ஒரு தலையணை.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. அடுப்பு சும்மா கிடக்குமேன்னு கொண்டாந்தேன்." சட்டைப் பையிலிருந்து குக்கர் வெயிட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"குடை எங்க?" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் காதுவரை சிவந்துபோனார்.

"ஆபீஸுக்கு எப்படிப் போவீங்க? முதுகு?"

"பஸ் இருக்குல்ல. நீ இத்தனை வருஷம் நின்னுட்டுப் போகலையா?" என்றார். இதை அவர் வாயால் கேட்க நான் எத்தனை ஆடி காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

"உங்க அக்கா என்ன சொன்னாங்க?"

"அழுவுது. 'நான் பொங்க வெச்ச பாலுடா'ன்னு ஒரே அழுகை. ஆடி முடியிற வரைக்கும் அங்க விளக்கை அதுவே ஏத்துதாம். ஆனா உன்கிட்ட மட்டும் பேசாதாம்."

அது ஒன்றும் எனக்குப் பெரிய நஷ்டமாகப் படவில்லை. சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினார். அம்மா வீட்டு அடுப்பில் ஒரு பக்கம் பற்றவைத்து, காப்பிக்குப் பாலை வைத்தேன். அம்மா மண்டபத்துக்கு நேரமாகிறது என்று சொல்லியபடியே இரண்டு பேரும் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். பால் எழும்பியது. என் கை தன்பாட்டுக்குக் கிளம்பி அடுப்புக்குப் போனது. அவர் சிலிண்டர் தூக்கிய தோளைத் தேய்த்துக்கொண்டு பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

பால் பொங்கி, விளிம்பைத் தாண்டி, அடுப்பெல்லாம் வழிந்து, தீயை அணைத்துவிட்டுத்தான் அடங்கியது. அடுப்பை அவரே துடைத்தார், சரியாகத் துடைக்கவில்லை, நான் மறுபடி துடைக்கவேண்டியிருந்தது. மிச்சமிருந்த பாலில் ஆளுக்கு அரை டம்ளர் காப்பிதான் தேறியது. அதைக் குடித்துக்கொண்டே மகளுக்குப் போன் செய்து, லீவுக்கு வரும்போது எந்த ஸ்டாப்பில் இறங்கவேண்டும் என்று சொன்னேன்.